தெருவே சேர்ந்து அழுத்திய விளம்பரம்

இந்த ஊரில் தபால்காரர் கடிதம் கொண்டுவந்து போடுவதோடு நிற்பதில்லை. நாம் எழுதிவைத்த கடிதத்தை எடுத்துக்கொண்டும் போகிறார். வீட்டு வாசலில் ஒரு கம்பத்தின்மேல் தகரப் பெட்டி. அதில் அனுப்ப வேண்டியதை வைத்து, பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கி நிறுத்தினால் போதும். இது தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. கொடி கீழே தொங்கிக் கிடப்பது என்னவோபோல இருக்கிறதே என்று தினமும் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாவம், அந்தத் தபால்காரர் தினமும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வெறும் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒருநாள் கதவைத் தட்டி, “நீங்கள் ஏதாவது அனுப்ப நினைத்தீர்களா?” என்று கேட்டார். “ஒன்றும் இல்லை, ரொம்ப நன்றி. நீங்கள் உள்ளே வந்து ஒரு காபி சாப்பிடுகிறீர்களா?” என்றேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். மந்தைவெளியில் எங்கள் தபால்காரர் மாடிப்படி ஏற மாட்டார். கீழே நின்று, “ராஜி மேடம், உங்க அண்ணன் லெட்டர் போட்டுக்கீறாரு” என்று மூன்று மாடிக்கும் கேட்கச் சொல்வார். தீபாவளிக்கு மட்டும் சத்தமில்லாமல் மேலே வந்து நிற்பார்.

ஒஹையோ மாநிலத்தில், வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் ஊரில் இருக்கிறேன். ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அடையாறில் பத்தொன்பது வருடம் செய்த அதே வேலைதான். இங்கே கையுறை மட்டும் தடிமன். என் கணவர் வேலை பார்த்த அம்பத்தூர் தொழிற்சாலையை மூடியபோது எங்கள் ஃப்ளாட்டின் கடன் பாதிகூட அடையவில்லை. அவர் தி.நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போனார். எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்று வந்தது. அவர் என்னோடு வரலாம், ஆனால் இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. மகள் சுகன்யா அப்போது பதினோராம் வகுப்பு. ஆகவே நான் மட்டும் கிளம்பினேன். நாற்பத்து நான்கு வயதில், பெண் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு ஒரு தாய் தனியாக வெளிநாடு போவதை எங்கள் கட்டடத்தில் யாரும் குறை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எனக்கு உறுத்தியது.

வந்த ஆறாவது மாதம், எனக்குப் பின்னால் வரப்போகிற பெண்களுக்கு உதவட்டும் என்று குறிப்புகள் எழுத ஆரம்பித்தேன். கொடி எதற்கு, குளிர்காலத்தில் இட்லி மாவை எப்படிப் புளிக்கவைப்பது, தேங்காய் உடைக்க நடைபாதையை உபயோகித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள், எந்தக் கடையில் கொத்தமல்லி, எந்தக் கடையில் அதைப்போலவே இருக்கும் வேறொரு கீரை என்றெல்லாம். ஊர் நூலகத்தில் கேட்டி என்று ஓர் இளம்பெண் வேலை பார்த்தாள். இணையத்தில் இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியவள் அவள்தான். தமிழ் எழுத்து கணினியில் வர வேண்டுமென்றால் படிக்கிறவர்களும் எழுத்துருவை இறக்கிவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டமும் கோடுமாகத் தெரியும். அதனால் நான் கோடு போட்ட தாளில் கையாலேயே எழுதினேன். கேட்டி அதை ஸ்கேன் செய்து படமாக ஏற்றினாள். உலகத்தில் கையெழுத்தில் இருந்த இணையப் பக்கம் என்னுடையது ஒன்றுதானோ என்னவோ.

எங்கள் தெருமுனையில் ரஹ்மத் பாய் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். தொண்ணூற்றெட்டில் அதன் பின்பக்கத்தைத் தடுத்து மூன்று கணினி போட்டு ‘பிரவுசிங் சென்டர்’ ஆக்கினார். சுகன்யா ட்யூஷன் முடிந்து வரும் வழியில் அங்கே போய் என் பக்கத்தைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், “அம்மா, இந்த வாரம் உன் கையெழுத்து ரொம்பக் கோணலா இருக்கு, டயர்டா இருந்தியா?” என்று கேட்பாள். என் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாததையெல்லாம் அவள் என் ‘ழ’கரத்தை வைத்துக் கண்டுபிடித்தாள்.

எட்டு மாதத்தில் எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுதினார்கள். டெக்சஸிலிருந்து ஒருத்தி, நான் சொன்னபடி மின்சார அடுப்பின் உள்ளறை விளக்கை மட்டும் போட்டு அந்தச் சூட்டில் மாவைப் புளிக்கவைத்ததாகவும், பொங்கி வழிந்த மாவைப் பார்த்து உட்கார்ந்து அழுததாகவும் எழுதியிருந்தாள். அப்போதுதான் கேட்டி சொன்னாள், இத்தனை பேர் வருகிற பக்கத்தில் விளம்பரம் வைத்தால் காசு வருமே என்று. ஒரு விளம்பர நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டோம். பக்கத்தின் தலையில் அகலமாக ஒரு பட்டை வந்து உட்கார்ந்தது. தொலைபேசி அழைப்பு அட்டை, விமானச் சீட்டு, பூங்கொத்து. பார்ப்பவர்கள் அதை அழுத்தி விளம்பரக்காரரின் பக்கத்துக்குப் போனால் எனக்குச் சில சென்ட்டுகள்.

முதல் காசோலை அந்தத் தகரப் பெட்டியில்தான் வந்தது. இருபத்து மூன்று டாலர். ஆய்வகத்தில் ஒருநாள் சம்பளம்கூட இல்லை. ஆனால் நான் தமிழில் எழுதியதற்கு யாரோ கொடுத்த பணம். சமையலறை அலமாரியில் ஒரு தட்டை சுவாமி இடமாக வைத்திருந்தேன். காசோலையின் நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவி, நடுவில் துளி குங்குமம் வைத்து, அன்று முழுவதும் அதில் வைத்தேன். மறுநாள் வங்கியில் கொடுத்தபோது கவுன்ட்டரில் இருந்த பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “உணவு கொட்டிவிட்டதா?” என்று கேட்டாள். “இல்லை, நான்தான் தடவினேன்” என்றேன். “வேண்டுமென்றேவா?” “ஆமாம். நல்லது நடக்க.” அவள் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். இனிமேல் தயவுசெய்து சுத்தமான காசோலையாகக் கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு இந்தக் கதையைத் தொலைபேசியில் சொல்லி மூன்று பேரும் சிரித்தோம். விளம்பரம் எப்படிக் காசு தருகிறது என்று சுகன்யா கேட்டாள். விளக்கினேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். சந்தோஷத்தில் இருந்தேன், பேசியதெல்லாம் ஞாபகம் இல்லை.

அதற்குப் பின் வந்த மாதங்களைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. காசோலை பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் கனவு காண ஆரம்பித்தேன். பக்கத்தை மந்தைவெளியில் உட்கார்ந்துகொண்டே எழுதலாம் அல்லவா? எனக்கு எழுதுகிற பெண்களுக்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? மாதாமாதம் இப்படியே ஏறினால் ஒப்பந்தத்தை நீட்டிக்காமல், சுகன்யா கல்லூரியில் சேருகிற ஜூன் மாதம் நான் அங்கே இருக்கலாம். விண்ணப்பம் வாங்க வரிசையில் நிற்க, கட் ஆஃப் மார்க் பற்றிப் பக்கத்தில் நிற்பவர்களோடு கவலைப்பட, திரும்பும்போது லஸ் முனையில் இறங்கி அவளுக்கு இரண்டு பருத்திச் சுடிதார் வாங்க. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைக்காது என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன். ஆய்வகத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது என் கை இங்கே இருக்கும். நான் அந்த வரிசையில் நின்றுகொண்டிருப்பேன்.

அக்டோபரில் விளம்பர நிறுவனத்திடமிருந்து நான்கு வரி மின்னஞ்சல் வந்தது. முறையற்ற அழுத்தங்கள் காரணமாக உங்கள் கணக்கு மூடப்படுகிறது. சேர்ந்திருக்கும் தொகை வழங்கப்பட மாட்டாது. கீழே ஒரு தொலைபேசி எண். வேலைக்குப் போவதற்கு முன் அழைத்தேன். எடுத்த பெண்ணின் குரல் இனிமையாக இருந்தது. “சென்னை, இந்தியாவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?” என்று கேட்டாள். இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் என் ஊரைப் பற்றி ஒருவர் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மகிழ்ந்துபோய்ச் சொன்னேன்: ஆமாம், அதுதான் என் ஊர், என் கணவரும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள், மகள் ப்ளஸ் டூ. “அவர்கள் உங்கள் பக்கத்தைப் பார்ப்பதுண்டா?” தினமும், தவறாமல். “அவர்களோடு வேறு யாராவது?” எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும் என்றேன். மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பேசி முடித்ததும் அவள், உங்கள் வெளிப்படையான பதில்களுக்கு நன்றி, முறைகேட்டை நீங்களே உறுதி செய்துவிட்டதால் முடிவில் மாற்றம் இருக்காது என்றாள். நலம் விசாரிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது விசாரணை. கடைசியில் அவளே சொன்னாள்: பல மாதமாக என் விளம்பரங்களை அழுத்தியவர்களில் பெரும்பாலோர் சென்னையில் ஒரே ஓர் இணைப்பிலிருந்து வந்திருந்தார்கள்.

அப்போது மந்தைவெளியில் மாலை ஏழு மணி இருக்கும். வீட்டுக்கு அழைத்தேன். சுகன்யாதான் எடுத்தாள்.

“அம்மா! இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே!”

“பாய் கடையில உக்காந்து என் விளம்பரத்தை அழுத்தினது நீதானே?”

“ஆமாம்மா. ஏன், நிறைய வந்துதா?”

அந்தக் கேள்வியில் இருந்த ஆவல் இப்போது எனக்குக் கேட்கிறது. அன்று கேட்கவில்லை. “திருட்டு வேலை பண்ணியிருக்கே. திருட்டு! என் பேரைக் கெடுத்துட்டே. இந்த ஊர்ல என்னைத் திருடின்னு எழுதி வெச்சுட்டாங்க, உன்னால” என்று கத்தினேன். என்னுடைய அறையில் அவ்வளவு சத்தம் அதுவரை எழுந்ததில்லை. பக்கத்துக் குடியிருப்பில் வானொலியைக் குறைத்தார்கள். சுகன்யா ரிசீவரை மெதுவாக, வைக்கிற சத்தம் கேட்காதபடி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் மட்டும்தான் பேசினார். “படிச்சுக்கிட்டு இருக்கா”, “குளிக்கிறா”, “இப்பத்தான் கோயிலுக்குப் போனா”. ஒன்பது ஞாயிற்றுக்கிழமை. பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் கூடத்தில், தொலைபேசிக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பாள். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, பரீட்சை நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று நான் குளிரில் பேருந்துக்கு நின்று, வந்த பேருந்தையும் விட்டுவிடுவேன். குளிரில் விறைத்துப்போனேன் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்து, என்னை வெயில் படும் இடத்துக்கு நகர்ந்து நிற்கச் சொல்வார்கள்.

டிசம்பரில் சேர்த்துவைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் ஊருக்குப் போனேன். விமான நிலையத்தில் சுகன்யா பெட்டியை வாங்கிக்கொண்டாள். “ஃப்ளைட்ல சாப்பாடு குடுத்தாங்களா?” என்று கேட்டாள். கல்யாண வீட்டில் தூரத்து உறவினரை விசாரிப்பதுபோல. வீட்டில் நான் கொண்டுபோன சாக்லேட்டை எல்லாருக்கும் பங்கு வைத்தாள், தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் காலை அவள் பள்ளிக்குப் போன பிறகு என் கணவரிடம், “நான் பேசினது தப்புதாங்க. ஆனா ஏன் இப்படிச் செஞ்சா? யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

“ராஜி, உனக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா? நீதானே சொன்னே. அந்த மஞ்சள் செக் கதை சொன்ன அன்னிக்கு. ‘தெரிஞ்சவங்க நாலு பேரை அழுத்தச் சொல்லுடி, அம்மா சீக்கிரம் வந்துடறேன்’னு. நான் இன்னொரு ரிசீவர்ல கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

வேடிக்கையாகச் சொல்லியிருப்பேன். என் பெண்ணோ அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் திருட்டு என்று கத்தியபோது, “நீதானேம்மா சொன்னே” என்று ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் என் வாயை அடைத்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. எனக்கு நினைவில்லாததை எனக்கு எதிராக எடுக்கவில்லை.

அன்று மாலை பாய் கடைக்குத் தனியாகப் போனேன். மூன்று கணினி ஆறாகியிருந்தது. ரஹ்மத் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்கம்மா வாங்க! அமெரிக்கால எப்டி கீறீங்க? குளிரு ரொம்பவாமே. உக்காருங்க. உங்க பக்கம்தான் நம்ம கடைக்குப் போணியே, தெரியுமா? காலைல கடையத் தொறந்ததும் மொதல் கிளிக் உங்களுக்குத்தான். அப்பாலதான் மத்த வேல.”

“நீங்களுமா பாய்?”

“நான் இன்னா பெருசு? பாப்பா வந்து ஒரு நாள் சொல்லிச்சு, ‘பாய், இந்தப் பட்டைய அமுக்கினா எங்கம்மா வந்துடுவாங்க’ன்னு. அவ்ளோதான். உங்க கட்டடத்துல கீறவங்க, பால்காரு, அந்த இஸ்திரிக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டு ஆளுங்க அத்தினி பேரும் வந்தாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு தண்ணி லாரிக்கு நிக்கற மாதிரி வரிசைல நிப்பாங்க. ஆளுக்கு ஒரு அமுக்கு. முனுசாமி கீறானே, ஆட்டோ முனுசாமி, அவன் மவுச புடிச்சு அமுக்கறேன்னு டேபிள்ளயே ஓங்கிக் குத்திட்டான்! உடைச்சுட்டான் மவுச.” அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “இப்போ ரெண்டு மாசமா பாப்பா வரதில்ல. விளம்பரமும் காணோம். இன்னாம்மா, நாங்க எதுனா தப்பு பண்ணிட்டமா?”

 அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் இதற்குப் பெயர் முறைகேடு. வாங்க மனமில்லாமல் அழுத்துவது, விளம்பரம் கொடுத்தவரின் பணத்தை எடுப்பதுதான். அதில் அவர்கள் சொன்னது நியாயம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஆள் குறைந்தால் மற்றவர்கள் கையைக் கொடுப்பார்கள். அது கல்யாணமானாலும் சரி, குடம் தூக்குவதானாலும் சரி. எதற்காகத் தூக்குகிறோம் என்று கேட்டுக்கொண்டா தூக்குவார்கள்? என்னை ஊருக்குக் கொண்டுவர அந்தத் தெரு முழுவதும் கை கொடுத்தது. அந்தக் கைகள்தான் என் வரவை நிறுத்தின. “தப்பு ஒண்ணும் இல்ல பாய். கம்பெனிய மூடிட்டாங்க” என்றேன். பொய்தான். “அட போவட்டும் விடுங்க, வேற கம்பெனி கெடைக்காமயா பூடும்?” என்று எனக்குத் தேநீர் வரவழைத்தார்.

வீட்டுக்குப் போனபோது சுகன்யா மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் கொடியின் மறுமுனையிலிருந்து எடுத்தேன்.

“சுகி, அப்பா சொன்னார். நான்தான் சொல்லியிருக்கேன். எனக்கு மறந்துபோச்சுடி.”

“தெரியும்.”

“தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?”

“நீ அழுதுக்கிட்டே கத்தினேம்மா. அப்போ போய் இதைச் சொன்னா இன்னும் அழுவே.” ஒரு புடவையை நான்காக மடித்தாள். “நூறு பேர் கிளிக் பண்ணா நீ ஒரு நாள் முன்னாடி வருவேன்னு நானா நினைச்சுக்கிட்டேன். யாரும் சொல்லல. புரட்டாசி மாசம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு.”

“என்மேல கோபமா?”

“கோபம் இல்ல. பயமா இருக்கு. நான் கை வெச்சா உனக்கு ஏதாவது ஆயிடும்னு.”

கிளம்புவதற்கு முதல் நாள் அவளைக் கட்டாயப்படுத்திப் பாய் கடைக்கு அழைத்துப் போனேன். பக்கத்தைத் திறந்தோம். பட்டை இருந்த இடம் வெறும் சாம்பல் கட்டமாக இருந்தது. “அடுத்த பக்கம் போடி, போன வாரம் எழுதினதைக் காட்டறேன்” என்றேன். அவள் கை மவுஸுக்குப் பக்கத்தில் வந்து, சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல மடிக்குத் திரும்பியது. “நீயே பண்ணும்மா” என்றாள். பாய் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய் நின்றார்.

இங்கே திரும்பிய வாரம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஜூன் மாதம் கல்லூரி வரிசையில் அவள் அப்பாவோடு நிற்பாள். விளம்பரம் இல்லாமல் பக்கத்தைத் தொடர்கிறேன். யார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்றைக் கேட்டி எனக்கு அமைத்துக் கொடுத்தாள். ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, நூலகம் திறந்ததும் போய் உட்கார்ந்தபோது அதில் ஒரு வரி வந்தது. சென்னை, இந்தியா. அங்கே மாலை ஏழரை, ட்யூஷன் விட்டு வருகிற நேரம். முதல் தாள் இறங்கியது. சில நிமிடம் கழித்து இரண்டாம் தாள். பிறகு ஒன்றும் இல்லை. மறுநாளும் அப்படியே. அடுத்த பக்கத்துக்குப் போகிற அம்புக்குறியை அவள் அழுத்தவே இல்லை. முதல் பக்கத்தில் இருப்பதை மட்டும் படித்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தாள்.

அதனால் நான் இப்போது பக்கம் பிரிப்பதை விட்டுவிட்டேன். எத்தனை தாள் எழுதினாலும் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் ஏற்றச் சொல்கிறேன். இப்படி வைத்தால் திறக்க நேரமாகும், வாசகர்கள் பொறுமை இழப்பார்கள் என்று கேட்டி எச்சரித்தாள்; சிலர் எழுதியும் விட்டார்கள். இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கு நூலகத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே பனியை வாரும் வண்டி போகிறது. மந்தைவெளியில் பாய் கடையில் விளக்குப் போட்டிருப்பார்கள். ஐந்தாம் தாள் இறங்குகிறது, ஆறாம் தாள், ஏழாம் தாள். கடைசித் தாளும் அங்கே போய்ச் சேர்ந்து, அவள் படித்து முடித்து வீட்டுக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை இருந்துவிட்டுத்தான் நான் இங்கே வேலைக்குக் கிளம்புகிறேன்.